ஐனோ என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஃபின்லாந்தின் எஸ்போ நகருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் பிறந்து மூன்று வாரம். உடன் வேலை செய்யும் ஃபின்லாந்துப் பெண் சொன்ன 'ஐனோ' என்ற பெயர் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பிடித்துவிட்டது. கும்பகோணத்தில் இருக்கும் உங்கள் அம்மா யாரிடமோ விசாரித்து, "தண்ணீரில் மூழ்கிப் போனவள் பெயரையா என் பேத்திக்கு வைப்பது?" என்று அழுகிறார். இது கிழவிகளின் பெயர் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

வையுங்கள். தயங்காமல் வையுங்கள். என் மகளுக்கு இரண்டாம் பெயர் அதுதான். ஆனால் அம்மாவின் அழுகையை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்குப் பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய ஃபின்னிய நாட்டுப்பாடல்களில் 'ஐனோ' என்பது ஒருத்தியின் பெயரே அல்ல. 'ஒரே' என்று பொருள் தரும் அடைமொழி. நாம் ஒரே மகள் என்று சொல்லி, செல்ல மகள் என்றும் அதிலேயே பொருள் கொள்வது போல, பாடகர்கள் ஐனோ மகள், ஐனோ தங்கை என்று பாடினார்கள். ஃபின்லாந்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய கரேலியாப் பகுதியில் ஊர் ஊராக நடந்து அந்தப் பாடல்களைத் திரட்டியவர் எலியாஸ் லொன்ரோத் என்ற மருத்துவர். அவற்றைக் கோத்து அவர் உருவாக்கிய கலேவலாக் காவியம் முதலில் 1835-இல் வந்தது. விரிந்த வடிவம் 1849-இல், 50 பாடல்களாக. அடைமொழியைப் பெயராக்கி ஒரு பெண்ணுக்குச் சூட்டியவர் அவர்தான். ஆகவே இது புனிதர்களின் பட்டியலிலிருந்தோ சுவீடனிலிருந்தோ வந்த பெயரன்று. ஃபின்னிய மொழியின் மடியிலேயே பிறந்தது.

இனி, அம்மா பயப்படும் கதை. யோவ்காஹைனன் என்ற துடுக்கான இளைஞன், முதுபெரும் பாடகன் வைனாமொயினனோடு பாட்டுப் போட்டியில் இறங்கித் தோற்கிறான். கிழவனின் பாட்டு அவனைச் சேற்றுக்குள் இறக்குகிறது. உயிர் தப்புவதற்காகத் தன் தங்கை ஐனோவை மணமுடித்துத் தருவதாக வாக்குக் கொடுக்கிறான். வீட்டுக்கு வந்து சொன்னால், தாய் கைகளைத் தேய்த்து மகிழ்கிறாள். இவ்வளவு பெரிய பாடகன் மருமகனாக வர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மகளின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. நீராவிக் குளியலுக்குத் தழை ஒடிக்கத் தோப்புக்குப் போன இடத்தில் கிழவன் அவளைப் பார்த்து, இனி எனக்காக மட்டும் மணி அணிந்துகொள் என்கிறான். அவள் அணிந்திருந்த மணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். தாய் அப்போதும் நல்ல உடை உடுத்திக்கொள் என்றுதான் தேற்றுகிறாள். ஐனோ கடற்கரைக்குப் போகிறாள். நீரில் இறங்கி, ஒரு பாறையில் ஏறி அமர்கிறாள். பாறை அவளோடு மூழ்கிவிடுகிறது.

அதற்கு அடுத்த பகுதியை உங்கள் அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். செய்தி கேட்ட தாய் அழுகிறாள். கண்ணீர் முகத்தில் வழிந்து, உடையில் இறங்கி, தரையில் விழுந்து மூன்று ஆறுகளாக ஓடுகிறது. ஆற்றின் நடுவே எழும் குன்றில் பிர்ச் மரங்கள், அவற்றில் மூன்று குயில்கள். மூன்றாவது குயில் அந்தத் தாய்க்காக அவள் ஆயுள் முழுதும் கூவுகிறது. அழுகையின் நடுவே அவள் மற்றத் தாய்மாரைப் பார்த்துச் சொல்கிறாள்: மனம் ஒப்பாத மணத்துக்கு உங்கள் மகள்களைத் தாலாட்டி அனுப்பாதீர்கள். ஊரில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. நம் பாட்டிமார் பாடியதுபோலவே இருக்கிறது, தம்பி.

இந்தக் கதையில் சாபம் பெற்றவள் யார்? ஐனோ அல்ல. கதை முழுவதும் அவள் பக்கம்தான் நிற்கிறது. பிறகு வைனாமொயினன் தூண்டிலில் ஒரு விநோத மீன் சிக்குகிறது. அவன் கத்தியை எடுக்கும்போது அது துள்ளித் தண்ணீரில் பாய்ந்து, நான்தான் ஐனோ, என்னைப் பிடித்து வைக்க உனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. ஹெல்சின்கியின் அத்தேனியம் கலைக்கூடத்தில் 1891-இல் ஓவியர் கால்லன்-கால்லெலா தீட்டிய மூன்று பகுதி ஓவியம் இருக்கிறது. நடுப் பகுதியில் அந்தத் துள்ளல்தான். ஒரு விடுமுறை நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். பெயரைப் பற்றிய முடிவை அதன் முன்னால் நின்று எடுங்கள்.

அம்மாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. கலேவலா முழுவதும் தமிழில் இருக்கிறது. ஹெல்சின்கியில் வாழ்ந்த இலங்கைத் தமிழர் ஆர். சிவலிங்கம் செய்த மொழிபெயர்ப்பு, 1994-இல் வந்தது, இணையத்திலும் கிடைக்கிறது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் பாடல்களை மட்டும் எடுத்துத் தொலைபேசியில் நீங்களே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறர் சொன்ன சுருக்கத்தைக் கேட்டுத்தான் பயந்திருக்கிறார். பாட்டைக் கேட்டால் அவர் யோசனை மாறலாம். மாறாவிட்டாலும் பேத்தியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீரில் மூழ்கியவளின் பெயர் என்று இந்த நாட்டார் அஞ்சவில்லை. காவியம் வந்து ஒரு தலைமுறைக்குள், சுவீடிஷ் மொழியின் ஆதிக்கத்திலிருந்து தம் மொழியை மீட்க நினைத்த குடும்பங்கள் மகள்களுக்கு அதைச் சூட்டத் தொடங்கிவிட்டன. 1871-இல் பிறந்த ஐனோ யார்னெஃபெல்ட் இசையமைப்பாளர் சிபேலியஸின் மனைவியானார். யார்வென்பா என்ற ஊரில் 1904 முதல் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு 'ஐனோலா' என்றே பெயர், அதாவது ஐனோவின் இடம். அவர் 97 வயது வரை வாழ்ந்தார். இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். 1876-இல் பிறந்த ஐனோ அக்தே ஐரோப்பா அறிந்த ஓபரா பாடகி. சவொன்லின்னா கோட்டையில் 1912-இல் ஓபரா விழாவைத் தொடங்கியவர். கட்டடக் கலைஞர் ஐனோ ஆல்தோ 1932-இல் வடிவமைத்த கண்ணாடிக் கோப்பைகள் இன்றும் கடையில் விற்கின்றன. குளத்தில் கல் எறிந்தால் பரவுமே, அந்த வளையங்களைப் போன்ற வரிகள் அவற்றில் இருக்கும். உங்கள் அலுவலகத்துச் சமையலறையில் தேடிப் பாருங்கள், இருந்தாலும் இருக்கும்.

கிழவிப் பெயர் என்ற பேச்சு பாதி உண்மை. 2004-இல் நான் இங்கே தம்பெரே நகருக்கு வந்தபோது எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எண்பதைத் தாண்டிய ஓர் ஐனோ இருந்தார். அவர் படித்த வகுப்பில் மூன்று ஐனோக்களாம். சில ஆண்டுகளுக்குப் பிறகு என் மகளைப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தால், அங்கே இரண்டு ஐனோக்கள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவயதில்தான் அந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியவில்லை. இங்கே பெயர்கள் ஏறக்குறைய நூறாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பார்கள். அம்மாவின் தலைமுறைப் பெயர் பழசாகத் தோன்றும், கொள்ளுப்பாட்டியின் பெயர் அழகாகத் தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐனோ மிகப் பரவலான பெயர். நடுவில் மங்கி, 2000-களில் மறுபடி முன்வரிசைக்கு வந்துவிட்டது. மக்கள்தொகைப் பதிவகத்தின் இணையப் பெயர்த் தேடலில், எந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் வைத்தார்கள் என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் மகளை யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

இப்போது நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் இதில் தடுமாறியிருக்கிறேன். நம் 'ஐ' அப்படியே பொருந்தும், அழுத்தம் முதல் அசையில். கடைசி ஒலி ஓகார நெடில் அன்று, ஒகரக் குறில். நம் மொழியில் சொற்கள் அப்படி முடிவது வழக்கமில்லை என்பதால் நாம் நீட்டிவிடுகிறோம். பரவாயில்லை, தமிழில் ஐனோ என்றே எழுதுங்கள். ஆனால் முதல் ஒலியை 'எய்' என்று மழுக்கிவிடாதீர்கள். எய்னோ என்பது ஆண் பெயர். நான் கீழ்த்தளத்துப் பாட்டியை ஒரு மாதம் எய்னோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் திருத்தவே இல்லை; அவருடைய மகள்தான் மெதுவாகச் சொன்னார். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் மொழி வகுப்புக்குப் போகிறீர்கள் அல்லவா? தமிழைப் போலவே இவர்களும் பெயரின் வாலில் உருபைச் சேர்ப்பார்கள். 'ஐனோவை நேசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டுமானால் பெயர் 'ஐனொஅ' என்று மாறும். இன்றைய ஃபின்னியத்தில் 'ஒரே' என்பதற்கான சொல்லும் அதே 'ஐனொஅ' தான். மகளை நேசிக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம், லொன்ரோத் எடுத்த அந்தப் பழைய பொருள் காதில் விழும். இதைக் கண்டுபிடித்த அன்றுதான் என் மகளுக்கு இந்தப் பெயரை முடிவு செய்தேன்.

மீதி எல்லாம் காகித வேலை. ஊரில்போலப் பதினோராம் நாள், பதினாறாம் நாள் என்று அவசரம் இல்லை. பிறந்து மூன்று மாதத்துக்குள் பெயரைத் தெரிவித்தால் போதும். பல குடும்பங்கள் பெயர்விழா வரை பெயரை வெளியில் சொல்வதும் இல்லை. நான்கு முன்பெயர்கள் வரை அனுமதி உண்டு, அதில் எதைச் சொல்லி அழைப்பது என்பது உங்கள் விருப்பம். எனவே அம்மா தேர்ந்தெடுக்கும் தமிழ்ப் பெயர் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். எது முன்னால், எது பின்னால் என்பதை உங்கள் மனைவியிடம் விடுங்கள். இங்கே குடும்பப் பெயர் தேவை, நமக்கு இருப்பது முதலெழுத்துதான். எங்கள் வீட்டில் என் கணவரின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம். குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் ஹெல்சின்கி இந்தியத் தூதரகத்திலும் பிறப்பைப் பதிய வேண்டும். அங்கே கொடுக்கும் பெயரும் இங்கே கொடுக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து, வரிசைக்கு வரிசை ஒன்றாக இருக்கட்டும். எங்கள் ஆவணங்களில் இரண்டு பெயர்கள் இடம் மாறிவிட்டன. சரிசெய்ய ஏறக்குறைய ஓராண்டு அலைந்தோம்.

இங்கே நாட்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெயர்நாள் உண்டு; ஐனோவுக்கு மே 10. அன்று காப்பியும் இனிப்பு ரொட்டியும் வைப்பார்கள். சில ஆண்டுகளில் அன்னையர் தினமும் அதே நாளில் வரும். இரயிலில் தம்பெரே இரண்டு மணி நேரம்கூட இல்லை. அடுத்த மே பத்தாம் தேதி குழந்தையோடு வாருங்கள். என் மகள் உங்கள் மகளைத் தூக்கிக்கொள்ளக் காத்திருக்கிறாள்.