கன்னியாகுமரிக்குள் கார் வேண்டாம் என்றால் எத்தனை பஸ் வேண்டும்?

கேள்வி: கன்னியாகுமரியில் கடற்கரையை ஒட்டிச் சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை வரை தெருவில் வண்டி நகர்வதில்லை. வியாபாரிகள் சங்கம் சார்பில் கலெக்டருக்கு மனு கொடுக்கப்போகிறோம். ஊருக்குள் பெரிய பார்க்கிங் கேட்பதா, வெளியே நிறுத்திவிட்டு பேட்டரி பஸ் விடச் சொல்வதா?

பதில்: ஊருக்குள் பார்க்கிங் கேட்காதீர்கள். உங்கள் ஊர் முட்டுச்சந்து. வந்த வண்டி அந்தப் பக்கமாக வெளியேற வழியில்லை. வந்த வழியே திரும்ப வேண்டும். உள்ளே நூறு இடம் கூடுதலாக உண்டாக்கினால், அந்த இடத்தைத் தேடி அதைவிட அதிகமான கார்கள் காந்தி மண்டபம் வரை வந்து சுற்றும். வெளியே நிறுத்துவதுதான் சரி. ஆனால் ‘பேட்டரி பஸ் வேண்டும்’ என்று ஒற்றை வரியில் மனு எழுதினால், நான்கு வண்டி வந்து, ஒரு சீசனோடு ஓரங்கட்டப்படும். எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

முதல் வேலை, வண்டிகளை எண்ணுவது. ஒரு சனிக்கிழமை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, சாமிமார் கூட்டமுள்ள ஒரு நாள் என்று மூன்று நாள் போதும். ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு ரோட்டிலும் இரண்டு பேர், அதிகாலை 3 மணி முதல் இரவு 9 வரை. கார், வேன், பஸ் ஒவ்வொன்றின் நம்பரில் கடைசி நான்கு இலக்கமும் நேரமும், உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை. இரண்டையும் பொருத்தினால், எந்த வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்பது தெரிந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகளை வைத்தே முடிக்கலாம்.

மற்ற ஊர்களில் ஒரு பார்க்கிங் இடம் ஒரு நாளில் பலமுறை கைமாறும். இங்கே காலையில் அது நடக்காது. சூரிய உதயம் பார்க்க 4 மணிக்கு வந்தவர் உதயத்தோடு கிளம்பமாட்டார்; பகவதி அம்மன் கோயில், குளியல், டிபன், பிறகு படகு வரிசை. அதனால் மணிக்கு எத்தனை வண்டி வருகிறது என்ற கணக்கு மட்டும் வைத்து இடம் ஒதுக்கினால் போதாது. உள்ளே வந்தவை கழித்தல் வெளியே போனவை, இதை அரைமணிக்கு ஒருமுறை கூட்டிப் பார்த்து, அதன் உச்சத்தை எடுங்கள். ஓர் உதாரணம்: காலை 8 மணிக்குள் 600 கார் வந்து 100 போயிருந்தால் 500 காருக்கு இடம் வேண்டும். வண்டி திரும்பும் வழியையும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர். ஆக 12,500 சதுர மீட்டர், ஏறக்குறைய 3 ஏக்கர். டூரிஸ்ட் பஸ்ஸுக்கு 120 சதுர மீட்டர் வைத்து 60 பஸ் என்றால் இன்னும் 1.8 ஏக்கர்.

படகு ஓடாத நாளையும் மறக்கக்கூடாது. கடல் சீற்றமோ நீர்மட்டத் தாழ்வோ வந்து படகு நின்றால், ‘மதியம் விடுவார்கள்’ என்று கூட்டம் அப்படியே தங்கிவிடும். புதிய வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு நாள் அமைந்தால் அன்றைக்கும் எண்ணுங்கள். 2024 டிசம்பர் இறுதியில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, விவேகானந்தர் பாறைக்குப் போனவர்கள் வள்ளுவர் சிலைக்கும் நடந்தே போய்வருகிறார்கள். அதற்கு முந்தைய கணக்கு எதையும் நம்ப வேண்டாம்.

இனி பஸ். காரில் வருகிறவர்களுக்கு மட்டும் பார்ப்போம். உச்ச மணியில் 200 கார், காருக்கு 4 பேர், ஆக 800 பேர். 9 மீட்டர் மின்சார பஸ்ஸில் நிற்பவர்களோடு 40 பேர் என்றால் மணிக்கு 20 நடை, அதாவது 3 நிமிடத்துக்கு ஒன்று. பார்க்கிங் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், சராசரி 15 கி.மீ. வேகத்தில் போக 12, வர 12, இரு முனையிலும் ஏற்றி இறக்க 3 வீதம் 6, ஒரு சுற்றுக்கு 30 நிமிடம். முப்பதை மூன்றால் வகுத்தால் 10 பஸ். மாற்று வண்டி ஒன்று. நிலம் மலிவாகக் கிடைக்கிறதென்று பார்க்கிங்கை 6 கிலோமீட்டருக்குத் தள்ளினால் சுற்று 54 நிமிடம், 18 பஸ். நிலத்தில் மிச்சம் பிடித்த பணம் டீசலோ கரண்டோ டிரைவர் சம்பளமோ ஆகிப் போய்விடும். பல ஊர்களில் இந்த ஏற்பாடு கவிழ்வது இந்த இடத்தில்தான்.

கோயில்களில் ஓடும் 14 இருக்கை பேட்டரி கார் இந்த வேலைக்கு ஆகாது; அதே 800 பேருக்கு மணிக்கு 57 நடை, நிமிடத்துக்கு ஒன்று. இறங்குமிடத்திலிருந்து படகுத்துறைக்கும் கோயிலுக்கும் வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் கொண்டுவிட அதைக் கேளுங்கள்.

டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் இன்னொரு பஸ்ஸுக்கு மாற வேண்டியதில்லை. ஊர் விளிம்பில் இறக்கிவிட்டு வண்டி பார்க்கிங்குக்குப் போகட்டும். இறக்க 5 நிமிடம் என்றாலும் நடைமுறையில் ஓர் இடத்தில் மணிக்கு 8 பஸ்ஸுக்கு மேல் முடியாது. மூன்று இடம் குறித்துவைத்தால் 24 பஸ்.

கட்டணத்தைப் பற்றித் தெளிவாக எழுதுங்கள். வெளியே நிறுத்தப் பணம், உள்ளே ரோட்டோரம் இலவசம் என்றிருந்தால் எவரும் வெளியே நிறுத்தமாட்டார். உள்ளே மணிக்கணக்கில் ஏறுகிற கட்டணம். வெளியே ஒரு டோக்கன், அதே டோக்கனில் காரிலுள்ள எல்லோருக்கும் நாள் முழுக்க பஸ். அஸ்தமனம் பார்த்தவர்கள் திரும்பும்வரை கடைசி பஸ் ஓட வேண்டும். ஒரு குடும்பம் இருட்டில் மாட்டிக்கொண்டால், அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் பரவி மறுவாரம் பஸ் காலியாக ஓடும். லாட்ஜில் அறை எடுத்தவர்களுக்கு, சொந்த பார்க்கிங் உள்ள இடங்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு. ஊர்க்காரர்களுக்கு வீட்டு வரி ரசீதைப் பார்த்து ஸ்டிக்கர். மீன் வண்டிகள் போகும் நேரத்தையும் வழியையும் மீனவர்களிடம் கேட்டே முடிவுசெய்யுங்கள்.

சார்ஜ் போடும் இடம் வெளியே பார்க்கிங்கிலேயே இருக்கட்டும். கடலோரத்தில் வைத்தால் உப்புக்காற்றில் பிளக் முனைகளில் களிம்பு பிடித்து, சூடேறி, சார்ஜ் பாதியில் நிற்கும். வண்டியின் அடிப்பாகத்தை வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஒப்பந்தத்திலேயே இதை எழுதுங்கள். நாளுக்கு 130 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் வீதம் 130 யூனிட் ஆகும். காலைக் கூட்டம் குறைந்து மாலைக் கூட்டம் தொடங்கும்வரை உள்ள இடைவெளியில் வண்டிகளை முறைவைத்து சார்ஜில் போட்டால் சிறிய பேட்டரி போதும்.

நடப்பவர்களுக்குக் கடைத்தெருவில் தடையில்லாத 2.5 மீட்டர் நடைபாதை வேண்டும். அதற்காகச் சங்கு, பாசிமணி விற்பவர்களை விரட்டச் சொல்லாதீர்கள். 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியாமல் அப்புறப்படுத்த முடியாது. வழக்கு வந்தால் உங்கள் திட்டமும் சேர்ந்து நிற்கும்.

கடைசியாக, மனுவில் ஒரு மாதச் சோதனை ஓட்டம் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இன்படி ஒரு பகுதியில் வண்டிகளைத் தடைசெய்யலாம். தடை ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூர் விளம்பரம் போதும். பார்க்கிங் இடம் குறிக்க பிரிவு 117. சோதனையைச் சபரிமலை சீசனில் தொடங்காமல், மே மாதப் பள்ளி விடுமுறையில் வையுங்கள். கூட்டமும் இருக்கும், பிசகினால் சரிசெய்ய நவம்பர் வரை அவகாசமும் இருக்கும்.