புள்ளி-சாய்வு வடிவத்தில் உள்ள சமன்பாட்டை வரைபடத்தாளில் பிசகாமல் வரைவது எப்படி?

நீங்கள் கேட்டிருக்கும் சமன்பாடு: ஒய் − 3 = −2/3 (எக்ஸ் + 2). மண்டபம் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், ஆனால் கோடு ஒவ்வொரு முறையும் தள்ளியே விழுகிறது என்கிறீர்கள்.

முதல் வேலையாக, அடைப்பைப் பெருக்கி விரிப்பதை விடுங்கள். விரித்தால் ஒய் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம், 5/3 என்று வரும். 1.666 செ.மீ-ஐத் தாளில் எங்கே குறிப்பது? கோடு வரைய ஒரு புள்ளியும் சாய்வும் போதும். இந்த வடிவம் இரண்டையும் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

தவறு பெரும்பாலும் புள்ளியை எடுப்பதில்தான் நடக்கிறது. பொது வடிவம் ஒய் − ஒய்₁ = சாய்வு × (எக்ஸ் − எக்ஸ்₁), புள்ளி (எக்ஸ்₁, ஒய்₁). அதில் இரு பக்கமும் கழித்தல்தான் இருக்கும். ஆகவே எக்ஸ் + 2 என்பது எக்ஸ் − (−2). புள்ளி (−2, 3). இதை (2, 3) என்று வைத்தால் கோடு முழுவதும் 4 கட்டம் வலப்பக்கம் நகர்ந்துவிடும். சாய்வு சரியாக இருப்பதால் தவறு கண்ணில் படாது, அதுதான் ஆபத்து. "குறியை மாற்று" என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். "அடைப்புக்குள் எப்போது பூச்சியம் வரும்?" என்று கேளுங்கள். எக்ஸ் −2 ஆகும்போது வலப்பக்கம் பூச்சியம். அப்போது ஒய் 3 ஆகத்தான் வேண்டும். பிள்ளைக்குக் காரணமும் புரிந்துவிடும்.

அடுத்து சாய்வு −2/3. கீழே இருக்கும் 3 வலப்பக்க நகர்வு, மேலே இருக்கும் 2 ஏற்ற இறக்கம். கழித்தல் குறி ஒன்றுக்கு மட்டுமே சேரும்: வலம் 3, கீழ் 2. இரண்டுக்கும் போட்டு இடம் 3, கீழ் 2 என்று போனால் சாய்வு +2/3 ஆகிவிடும். (−2, 3)-இலிருந்து (1, 1), பிறகு (4, −1). எதிர்த்திசையில் இடம் 3, மேல் 2 போனால் (−5, 5). சரிபார்க்க எக்ஸ் = 4 என்று போடுங்கள்: −2/3 × 6 = −4, ஒய் = −1. சரி.

குறி குழம்பினால் பாம்பன் சாலைப் பாலத்தைத் தாளில் வரைந்து காட்டுங்கள். மண்டபம் இடப்பக்கம், ராமேஸ்வரம் வலப்பக்கம். நடுப்பகுதிக்கு ஏறும் பாதி நேர்க்குறிச் சாய்வு, இறங்கும் பாதி எதிர்க்குறி. உச்சியில் அது வளைவு, நேர்க்கோடு இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

புள்ளிகளை நெருக்கி வைக்காதீர்கள். 3 செ.மீ தூரத்தில் பென்சில் அரை மி.மீ பிசகினால், கோட்டை 12 செ.மீ வரை நீட்டும்போது 2 மி.மீ பிசகும். (−5, 5), (4, −1) இரண்டையும் இணைத்து, இடையில் உள்ள (−2, 3), (1, 1) புள்ளிகள் கோட்டின் மேல் உட்காருகின்றனவா என்று பாருங்கள்.

அளவுத்திட்டம் இரு அச்சுக்கும் வேறாக இருந்தால் கட்டம் எண்ணும் முறை ஏமாற்றும். கடலுக்குப் போன விசைப்படகில் 2 மணி நேரம் கழித்து 170 லிட்டர் டீசல் மீதி, மணிக்கு 15 லிட்டர் செலவு என்று வைத்துக்கொள்வோம்: ஒய் − 170 = −15 (எக்ஸ் − 2). கிடை அச்சில் 1 செ.மீ = 1 மணி, செங்குத்து அச்சில் 1 செ.மீ = 20 லிட்டர். இங்கே 15 செ.மீ இறங்கக் கூடாது. 15 லிட்டர் என்பது முக்கால் செ.மீ. அதைவிட, 8 மணி நேரம் தள்ளிப் போங்கள்: 120 லிட்டர் குறையும், புள்ளி (10, 50). பின்னால் எக்ஸ் = 0-இல் 200 லிட்டர், அதுதான் புறப்படும்போது டேங்கில் இருந்தது. 13 மணி 20 நிமிடத்தில் கோடு கிடை அச்சைத் தொடும். அங்கேயே நிறுத்துங்கள், அதற்குக் கீழே டீசல் கிடையாது. வலை இழுக்கும்போது செலவு கூடினால் கோடு அந்த இடத்திலிருந்து இன்னும் செங்குத்தாகச் சரியும். அந்தத் துண்டுக்குப் புதுப் புள்ளி, புதுச் சாய்வு எடுக்க வேண்டும்.