2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப் ஜெயித்ததற்கு யார் பொறுப்பு?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால், "இரண்டு பெரிய கட்சிகளை விட்டு மூன்றாம் கட்சிக்கு ஓட்டைச் சிதறடித்தவர்கள்தான்" என்று ஒருவராவது சொல்வார். நான் ஒப்ப மாட்டேன். முதல் பொறுப்பு, டிரம்புக்கே ஓட்டுப் போட்ட சுமார் 6.3 கோடிப் பேருக்கு. அவர் பேச்சைக் கேட்டுத்தான் போட்டார்கள்.

அடுத்தது தேர்தல் முறை. நாடு முழுக்க, அவரை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளிண்டனுக்கு 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் ஓட்டு. ஆனால் அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர் குழு; பெரும்பாலான மாநிலங்களில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் எல்லாரும். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் டிரம்ப் முந்தினார்; சேர்த்து வித்தியாசம் 80,000கூட இல்லை. வேட்பாளரான பிறகு ஹிலாரி விஸ்கான்சின் பக்கம் பிரசாரத்துக்கே போகவில்லை. நம் சித்தூரில் ஓட்டுக் கேட்டு வராதவரைச் சும்மா விடுவோமா?

அப்புறம், தகுதி உள்ளவர்களில் பத்துக்கு நாலு பேர் ஓட்டே போடவில்லை. அவர்களை விட்டுவிட்டு, வரிசையில் நின்று மூன்றாம் கட்சிக்குப் போட்டவர்களைத் திட்டுவது அநியாயம்.