காய்ப்புழுவின் மோப்ப சக்தியை எடுத்துவிட்டால் தொல்லை தீருமா?

கேள்வி: தக்காளியில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறேன். ஆண் அந்துப்பூச்சிகள் தினமும் விழுகின்றன, ஆனால் காய்ப்புழு குறையவில்லை. மரபணுவைத் திருத்திப் பூச்சிகள் இணைசேராமலே தடுக்கலாம் என்று படித்தேன். அது எப்போது வரும்? அதுவரை பொறி வைப்பதில் பலன் உண்டா?

பதில்: பொறியை எடுத்துவிடாதீர்கள். பெண் அந்துப்பூச்சியின் மணத்தைக் காட்டி ஆணை இழுக்கும் அந்தப் பொறி எதற்கு என்பதை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஓர் ஆண் அந்து பல பெண்களுடன் சேரும். அதனால் சில ஆண்கள் பொறியில் விழுந்தாலும் மிச்சமிருப்பவை போதும். பக்கத்து வயலில் இணைசேர்ந்து முட்டையோடு பறந்து வரும் பெண்ணைப் பொறியால் ஒன்றும் செய்ய முடியாது. பூச்சி வந்துவிட்டது என்று நாள் குறித்துச் சொல்வதுதான் அதன் வேலை.

இனி மரபணுத் திருத்தம். இரவில் பெண் அந்து வயிற்று நுனியிலிருக்கும் சுரப்பியை நீட்டி மணத்தைக் காற்றில் விடும். ஆண் தன் உணர்கொம்பில் அதைப் பிடித்து, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து பறந்து வந்து சேரும். உணர்கொம்பிலுள்ள மண ஏற்பிகள் (மணத்தை உணரும் புரதங்கள்) வேலை செய்ய ‘ஆர்கோ’ என்ற துணைப் புரதம் வேண்டும். எகிப்தியப் பருத்தி இலைப்புழுவில் மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் முறையால் அந்தப் புரதத்துக்கான மரபணுவை முடக்கினார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. ஆண்கள் பெண்ணின் மணத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சிக்கலும் அங்கேதான். இணைசேராத ஆணுக்கு வாரிசு ஏது? வயலில் விட்டால் அந்தத் திருத்தம் அதோடு முடிந்துவிடும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த மரபணுவின் இரண்டு பிரதியும் முடங்கினால்தான் மோப்பம் போகும் என்பதால், ஒரு பிரதி மட்டும் சுமக்கும் பூச்சி வழக்கம்போல இணைசேரும். சந்ததி முழுக்கத் திருத்தத்தை வலிந்து பரப்பும் ‘ஜீன் டிரைவ்’ முறையைப் பற்றியும் பேசுகிறார்கள். பரவிய பிறகு திரும்பப் பெற முடியாத ஒன்றை, எல்லை தாண்டிப் பறக்கும் அந்துப்பூச்சியில் அவசரப்பட்டு இறக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது உங்கள் காய்ப்புழுவிலேயே சீன ஆய்வாளர்கள் கண்டது (2017). முட்டை முதிராத இளம் பெண் அந்து, ஆணை விலக்கும் ஒரு மணத்தையும் சேர்த்து விடுகிறது. அதை உணரும் ஏற்பியை முடக்கியதும், ஆண் காலம் பார்க்காமல் இளம் பெண்ணோடு சேர்ந்தது. முட்டைகள் சரியாகப் பொரிக்கவில்லை. இந்த ஆண் இணைசேர்ந்தே கெடுதல் செய்கிறது, அதுதான் வித்தியாசம். எந்த ஏற்பி எந்த மணத்துக்கு என்று தெரிந்துவிட்டால், பூச்சியைத் திருத்தாமல் மணத்தை வைத்தே குழப்பவும் வழி பிறக்கும். வயலுக்கு முதலில் வரப்போவது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கமெலினா என்ற எண்ணெய்வித்துச் செடியில் மரபணுக்களைச் சேர்த்து, அதற்கு உதவும் கவர்ச்சி மணத்துக்கான மூலப்பொருளைச் செடியிலேயே விளைவித்தும் காட்டிவிட்டார்கள்.

இப்படி மோப்பத்தைத் திருத்திய அந்துப்பூச்சி இப்போதைக்கு ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. அதை எதிர்பார்த்து இந்தப் பருவத்தை விட்டுவிடாதீர்கள். பொறியில் எண்ணிக்கை ஏறியதும் மறுநாளே செடிக்குள் இறங்கி, நுனி இலைகளிலும் பூவை ஒட்டிய இலைகளிலும் முட்டையைத் தேடுங்கள். கடுகை விடச் சிறிதாக, வெளிர்மஞ்சளாக, ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் குட்டிக் குளவியான டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியின் அட்டையை அப்போதே கட்ட வேண்டும். பொரித்த குஞ்சுப்புழுவுக்கு புழுவுக்கு நோய் தந்து கொல்லும் என்.பி.வி. வைரஸ் கரைசலை மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். காய்க்குள் தலையை நுழைத்த பிறகு எந்த மருந்தும் அதை எளிதில் எட்டாது, அந்தக் காய்களைப் பறித்து அழியுங்கள். பொறியிலுள்ள லூரை (மணம் ஏற்றிய குப்பியை) பொட்டலத்தில் சொன்ன கெடுவுக்குள் மாற்றுங்கள். அப்புறம், பக்கத்து வயல்காரர்களையும் கூட்டுச் சேருங்கள். உங்கள் ஒரு வயலில் மட்டும் செய்தால் அங்கிருந்து வரும் பெண் அந்துவைத் தடுக்க முடியாது.