10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்குத் தினமும் என்ன தீனி, எவ்வளவு கொடுக்க வேண்டும்? வைக்கோலோடு சோறும் கஞ்சியும் நிறைய வைத்தும் பாலில் கொழுப்பு குறைகிறதே, ஏன்?

முதலில் அந்தச் சோற்றை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் அம்மா இரண்டு குண்டான் கொண்டுவந்து எங்கள் செவலைக்கு வைத்துவிட்டார். அதுவும் ஆசை ஆசையாகத் தின்றது. மறுநாள் காலையில் அசை போடவில்லை. வயிற்றைத் தட்டினால் தண்ணீர்க் குடம் மாதிரி தளும்பியது. புளித்த வாடையோடு கழிந்தது, மதியத்துக்குள் படுத்துவிட்டது. டாக்டர் வந்து ஊசியும் பாட்டிலும் ஏற்றிப் பிழைக்க வைத்தார். ஆனால் அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

அவர் அன்று சொன்னது எனக்குப் புதிது. மாடு தின்பதை நேராக மாடு செரிப்பதில்லை. வயிற்றின் நான்கு அறைகளில் பெரியதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவைதான் புல்லையும் வைக்கோலையும் மெதுவாகப் புளிக்க வைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன. சோறு அப்படியில்லை. மளமளவென்று புளித்து லாக்டிக் அமிலமாகிவிடும், நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். உங்கள் கொழுப்புக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது: நார்த்தீனி புளிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் பால் கொழுப்பில் கணிசமான பங்கு உருவாகிறது. சோறு கூடி நார் குறைந்தால் கொழுப்பும் இறங்கத்தான் செய்யும்.

சரி, அளவுக்கு வருவோம். 400 கிலோ மாட்டுக்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், நாளுக்குச் சுமார் 12 கிலோ தீனி வேண்டும். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் 25 கிலோ புல் போட்டாலும் கணக்கில் 5 கிலோதான் சேரும். நான் போடுவது 25 கிலோ பசுந்தீவனம், 4 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டு, 4 கிலோ அடர்தீவனம். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு வேலிமசாலோ அகத்தியோ இருந்தால் புரதத்துக்கு நல்லது. வெறும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். அடர்தீவனம் இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்ற கணக்கு. பசும்புல் கிடைக்காத கோடையில் இன்னும் ஒன்று, ஒன்றரை கிலோ கூட்டிக்கொள்வேன்.

அடர்தீவனத்தை வீட்டில் அரைப்பதானால் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 35, புண்ணாக்கு 30, தவிடு 32, தாது உப்பு 2, சாதா உப்பு 1. தவிட்டை மட்டுமே நம்பாதீர்கள், அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்கட்டும்.

இளம் சோளப் பயிரை மட்டும் மாட்டுக்கு அறுத்துப் போடாதீர்கள். அதில் சயனைடு விஷம் இருக்கும், மாட்டைக் கொன்றேவிடும்.

சோற்றை இன்றே நிறுத்தலாம். புதுத் தீவனத்தை மட்டும் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், அந்த நுண்ணுயிர்கள் பழக வேண்டும். கொழுப்பு ஏற இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் தீவனக் கடையில் யாராவது டானிக் எடுத்து நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.