என் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா?

வாசகியர் கேள்விகளும் ஒரு தாயின் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்கள் இரண்டு வகை. பக்தியும் காதலும் கலந்த கதைகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று கேட்பவை ஒரு வகை; ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எந்தச் சமையல் புத்தகத்தை நம்பலாம் என்று கேட்பவை மற்றொரு வகை. நான் முழுவதும் படித்த நாவலையும், என் அடுப்பில் செய்து பார்த்த குறிப்பையும் தவிர வேறெதையும் இங்கே சிபாரிசு செய்வதில்லை.

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகளுக்குப் பதினைந்து வயது. ஆங்கில நாவல்களை விரும்பிப் படிக்கிறாள். கிறிஸ்தவ நாவல் என்று அட்டையில் போட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கலாம் என்று சபையில் ஒரு சகோதரி சொன்னார்கள். அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: யோசித்துத்தான் வாங்க வேண்டும், சகோதரி. முதல் புத்தகமாக, ஜேனட் ஓக் எழுதி 1979இல் வெளிவந்த ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’யைக் கொடுங்கள். அமெரிக்காவின் மேற்குப் பக்கம் குடியேற வந்த இடத்தில் கணவனை இழந்து, வயிற்றுப் பிள்ளையுடன் நிற்கும் மார்ட்டியை, மனைவியை இழந்து ஒரு சிறு பெண்குழந்தையுடன் தவிக்கும் கிளார்க் மணந்துகொள்கிறான். குழந்தைக்கு ஒரு தாய் வேண்டும், அவளுக்குக் குளிர்காலத்தைக் கடக்க ஒரு கூரை வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவள் ஊர் திரும்ப விரும்பினால் வழிச்செலவைத் தானே தருவதாகவும் அவன் வாக்குக் கொடுக்கிறான். வந்த புதிதில் மார்ட்டிக்கு அடுப்படியில் பான்கேக்கைத் தவிர வேறொன்றும் கைகூடுவதில்லை. அதையே அவள் திரும்பத் திரும்பச் சுட்டு வைக்க, அவன் பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறான். காதல் என்றால் என்னவென்று பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சொல்ல அந்தப் பான்கேக்குகளே போதும் என்பது என் எண்ணம்.

அடுத்ததாக, கேத்தரின் மார்ஷலின் ‘கிறிஸ்டி’. 1967இல் வெளிவந்த இந்த நாவலுக்கு ஆசிரியரின் தாயார் இளமையில் ஆசிரியையாக இருந்த அனுபவமே அடிப்படை. 1912இல், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி டென்னசி மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் மிஷன் பள்ளியில் பாடம் நடத்தப் போகிறாள். மிஷன் பள்ளிக்கூடங்களின் வாசனை தெரிந்த திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. மூத்த பெண் ஒருவர் தம் இளமையில் நேர்ந்த கொடுமையைச் சொல்லும் பகுதி ஒன்று இதில் உண்டு. ஆகவே நீங்கள் முதலில் படித்துவிட்டு, அந்தப் பகுதி வரும்போது மகளுடன் பேசத் தயாராக இருங்கள்.

அட்டையை மட்டும் நம்பக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’. துரோகம் செய்த மனைவியை மறுபடியும் ஏற்றுக்கொண்ட, பைபிளில் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் வரலாற்றைக் கலிபோர்னியாவில் மக்கள் தங்கம் தேடி ஓடிய காலத்துக்கு மாற்றி எழுதிய நாவல் இது. 1991இல் பொதுவாசகர்களுக்காக வந்த இந்த நூலை, ஆசிரியர் திருத்தி, 1997இல் கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்றின் வழியாக மறுபடியும் வெளியிட்டார். படித்து முடித்தபோது நான் அழுதேன். ஆனால் கதாநாயகி சிறுமியாக இருக்கும்போதே விபசாரத்துக்கு விற்கப்படுகிறாள். கிறிஸ்தவக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் நூல் என்பதற்காக இதைப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கொடுப்பது சரியில்லை. கல்லூரிக்குப் போகும்போது படிக்கட்டும்.

ஆங்கிலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதை ‘பரதேசியின் மோட்சப் பிரயாணம்’ என்று தமிழில் நம் வீடுகளுக்கு வந்து எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன. அதே கதையைக் கம்பன் வழியில் காவியமாக்கிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, உங்கள் பக்கத்துக் கரையிருப்பில் 1827இல் பிறந்தவர். வைணவக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் அச்சானது. அதைத் தனியே படிக்கச் சொன்னால் பிள்ளை மிரண்டுபோவாள். இரவு ஜெபத்துக்குப் பிறகு இரண்டு செய்யுள்களை நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்லுங்கள்; அது போதும்.

கேள்வி: அக்கா, என் தங்கை கைப்பேசியில் தொடர்கதைகள் படிக்கிறாள். “சுத்தமான காதல் கதைதான், ஆபாசம் ஒன்றுமில்லை” என்கிறாள். நான் எடுத்துப் பார்த்ததில், கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைகிறான், வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுகிறான். இதைச் சுத்தம் என்று சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முடியாது, சகோதரி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் சங்கடம் முழுக்க நியாயமானது. ஆங்கிலத்தில் இந்த வகைக் கதைகளுக்குக் ‘கிளீன் ரொமான்ஸ்’ என்று பெயரிட்டவர்கள், படுக்கையறைக் காட்சியும் கெட்ட வார்த்தையும் இல்லை என்ற பொருளில்தான் அப்படி அழைத்தார்கள். நம்மிடமும் அந்த அளவுகோல் அப்படியே வந்து தங்கிவிட்டது. முத்தம் இல்லாவிட்டால் சுத்தம் என்று எண்ணிக்கொண்டு, அடியையும் மிரட்டலையும் அவள் சம்மதமில்லாத கல்யாணத்தையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். அடித்தவன் கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கினால் போதும், அவனுடைய கோபம் காதலாக மாறிவிடுகிறது. ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று பெருமையாகக் குறிப்பிட்டே எழுதப்படும் இத்தகைய கதைகளை நான் என் வீட்டுக்குள் விடுவதில்லை.

நான் ஒரு காதல் கதையைச் சிபாரிசு செய்வதற்கு முன் ஒன்றைப் பார்ப்பேன்: அவள் வேண்டாம் என்று சொன்னால் அவன் என்ன செய்கிறான்? மேலே சொன்ன கிளார்க் வழிச்செலவைத் தர முன்வருகிறான். தங்கையைத் திட்டாதீர்கள், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். அவள் படிக்கும் அடுத்த கதையில் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா, நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள், கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனாலும் உங்கள் பகுதியை விடாமல் படிப்போம். காதலும் இருக்க வேண்டும், தெய்வ நம்பிக்கையும் இருக்க வேண்டும், மாமியாரும் மருமகளும் சேர்ந்து படிக்கவும் கூச்சமில்லாமல் இருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. நாற்பதுகளில் தொடராக வந்தது என்பதாலேயே பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாவுக்கரசர் ஒரு பாத்திரமாகவே வருகிறார். ஆடல் நங்கை சிவகாமிக்கும் இளவரசர் நரசிம்மவர்மருக்கும் இடையிலான காதல், கல்யாணத்தில் முடியாமல், காஞ்சி ஏகாம்பரநாதர் சந்நிதியில் அவள் தன்னையே ஒப்படைப்பதில் முடிகிறது. வைணவ வீட்டில் சைவக் கதையா என்று மாமியார் கேட்டால், முதல் பாகத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். இரண்டாவதை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. நிலக்கடலை, பால் இரண்டும் ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இணையத்தில் அமெரிக்கச் சமையல் புத்தகம் ஒன்றை நிறைய விலை கொடுத்து வாங்கினேன். அதில் பாலுக்குப் பதில் பாதாம் பால், நம் ஊரில் கிடைக்காத மாவு வகைகள் என்று இருக்கின்றன. வேறு நல்ல புத்தகம் சொல்லுங்கள், அக்கா.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம். பிறந்தநாள் கேக்குக்கு அது உதவும். அந்த வகையில் சிபெல் பாஸ்கலின் ‘தி ஹோல் ஃபுட்ஸ் அலர்ஜி குக்புக்’ பால், முட்டை, கோதுமை, சோயா, நிலக்கடலை, கொட்டைப் பருப்புகள், மீன், இறால் நண்டு வகைகள் ஆகிய எட்டையும் ஒதுக்கி எழுதப்பட்டது. ஆகவே அதில் பாதாம் பால் தொல்லை இல்லை. ஆனால் எந்த அமெரிக்கப் புத்தகத்தை வாங்கினாலும் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அந்நாட்டுச் சட்டம் 2004 முதல் எட்டுப் பொருள்களைத்தான் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாக வைத்திருந்தது. 2021இல் இயற்றிய சட்டத்தின்படி 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. அதற்கு முன் “எட்டும் இல்லாதது” என்று அச்சான புத்தகத்தில் எள் தாராளமாக இருக்கலாம். நம் நாட்டில் 2020இல் வந்த உணவு லேபிள் விதிமுறைகளின் ஒவ்வாமைப் பட்டியலில் எள்ளும் இல்லை, கடுகும் இல்லை.

அன்றாடச் சமையலுக்கு நான் கையில் வைத்திருப்பது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951இல் முதல் பாகம் வந்த இந்தப் புத்தகத்தை ஒவ்வாமைக்கென்று யாரும் எழுதவில்லை. ஆனால் முழுக்கச் சைவம் என்பதால் முட்டை, மீன், இறால் மூன்றும் தாமாகவே கழிந்துவிடுகின்றன. அமெரிக்கத் தாய் கோதுமையை ஒதுக்கிவிட்டு அரிசி மாவைத் தேடிக் கடை கடையாக அலைகிறாள். நமக்கோ இட்லியும் இடியாப்பமும் கொழுக்கட்டையும் பாட்டி காலத்துப் பலகாரங்கள். அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர் சேர்ந்த இட்லியில் பால், நிலக்கடலை, கோதுமை, முட்டை எதுவுமே இல்லை.

நான் செய்த வேலையைச் சொல்கிறேன். என் மகனுக்குக் கோதுமையும் எள்ளும் ஆகாது. ஒரு விடுமுறையில் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, சிவப்புப் பென்சிலால் அந்தப் புத்தகத்தில் ரவை, சேமியா, மைதா, நல்லெண்ணெய், எள்ளுப்பொடி என்று வரும் இடங்களையெல்லாம் சுழித்தோம். பெருங்காயத்தைச் சுழிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. சில வாரங்கள் கழித்து உறவினர் வீட்டில் ரசம் சோறு சாப்பிட்ட கால் மணி நேரத்தில் அவன் உதடு தடித்து, கழுத்தெல்லாம் தடிப்பாகிவிட்டது. ரசத்தில் என்ன கோதுமை என்று நான் திகைத்து நின்றேன். மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் அவர்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். கூட்டுப் பெருங்காயம், அதில் கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் மகன் விஷயத்தில் சுழிக்க வேண்டியவை வேறு. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். உடம்புக்கு நல்லது என்று யார் கொடுத்தாலும் வேண்டாம். ஹோட்டல் தேங்காய்ச் சட்னியில் நிலக்கடலை சேர்ப்பது உண்டு. நிலக்கடலை ஆகாத சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்வதில்லை, ஆகவே தோசை மாவில் வெந்தயம் போடுவதற்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம் என்ற சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

கேள்வி: பேரனுக்குப் பால் ஒவ்வாமை. “வெண்ணெய்க்குப் பதில் நெய், பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால்” என்று ஒரு குறிப்பில் படித்தேன். செய்யலாமா, மகளே?
– ஒரு பாட்டி, தென்காசி

பதில்: வேண்டாம் அம்மா, இரண்டுமே வேண்டாம். பால் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, பாலின் புரதம் ஒவ்வாமல் போவது வேறு. அந்தக் குறிப்பை எழுதியவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார். நெய்யை எவ்வளவு காய்ச்சினாலும் புரதம் சிறிதளவு தங்கிவிடும். ஆட்டுப்பாலின் புரதமோ பசும்பாலின் புரதத்தை ஒத்தது. பசும்பால் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது.

உங்கள் கைப்பக்குவத்திலேயே விடை இருக்கிறது. மறுவீட்டுக்கு வைக்கும் சொதியைப் பேரனுக்கும் செய்து கொடுங்கள்: தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கள், இஞ்சி, எலுமிச்சை. நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் தாளித்துவிடுங்கள். தேங்காயும் பாசிப்பருப்பும் அவனுக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்பதை மட்டும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மோர்க்குழம்பில் போட்ட கரண்டியைச் சொதியில் விடாமல், அவனுக்கென்று ஒரு கரண்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.