அந்த ‘டொக்’ எங்கிருந்து வருகிறது?

வீட்டிலேயே ஆர்கேட் கன்ட்ரோலர், அதாவது வீடியோ கேம் விளையாடும் பட்டன்-லீவர் பெட்டி, செய்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் சத்தத்தைப் பற்றியவை. அதனால் மற்றதை ஒதுக்கிவிட்டு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மரப்பெட்டியில் நானே ஒரு ஃபைட்டிங் ஸ்டிக் செய்தேன். எட்டு பட்டன், ஒரு லீவர். ராத்திரியில் விளையாடினால் பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் எழுந்து வந்து சண்டை போடுகிறார்கள். சத்தம் போடாத மைக்ரோஸ்விட்ச் (பட்டன் அழுந்தியதைப் பதிவு செய்யும் சின்ன ஸ்விட்ச்) எது என்று சொன்னால் எட்டையும் மாற்றிவிடுவேன்.

பதில்: மாற்றலாம். அதற்கு முன் ஒரு பட்டனை மட்டும் கழற்றி, காதருகே வைத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக அழுத்துங்கள். பாதி வழியில் ‘டிக்’ என்று கேட்டால் அது ஸ்விட்ச். இப்போது விளையாடும் வேகத்தில் அழுத்துங்கள். அடியில் ஒரு ‘டொக்’, விரலை எடுத்ததும் மேலே இன்னொரு ‘டொக்’. இந்த இரண்டும் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் மோதுகிற சத்தம். ஸ்விட்சுக்கு இதில் பங்கே இல்லை. தூக்கத்தைக் கெடுப்பது எந்தச் சத்தம் என்று தெரியாமல் எட்டு ஸ்விட்ச் வாங்குவது வீண் செலவு.

உங்களிடம் இருப்பது சன்வா நிறுவனத்தின் ஓபிஎஸ்எஃப்-30 மாதிரியான ஜப்பான் பாணிப் பட்டன் என்றால், ஸ்விட்சின் ‘டிக்’ பெயருக்குத்தான். குற்றவாளி ‘டொக்’. இதற்காகவே சன்வா ஓபிஎஸ்எஃப்எஸ்-30 என்று ஒரு பட்டன் செய்கிறது. பிளஞ்சர், அதாவது விரல் அழுத்தினால் இறங்கும் பகுதி, மோதும் இடத்தில் மெத்தை வைத்தது. சத்தம் நன்றாகவே குறைகிறது. ஆனால் அடியில் போய் முட்டும்போது கிடைக்கிற அந்தத் திடமான உணர்வு கொஞ்சம் மழுங்கிவிடும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு இரண்டாவது நாளே பழகிவிட்டது. பட்டனை மாற்ற மனமில்லை என்றால், பிளஞ்சருக்கு அடியில் வைக்க வளையம் மாதிரி வெட்டிய மெல்லிய ஃபோம் பேட் தனியாகக் கிடைக்கிறது. அதில் தடிமனானதை வாங்காதீர்கள். பட்டன் முழுதாக இறங்காமல், ஓரத்தில் அழுத்தினால் பதிவாகாமல் போகும்.

அமெரிக்க பாணிப் பட்டனில் கதை வேறு. தலைகீழாகத் திருப்பினால் அடியில் கறுப்பாக ஒரு மைக்ரோஸ்விட்ச் தொங்கும். அதற்குள் வளைந்த ஒரு ஸ்பிரிங் தகடு இருக்கிறது. ஒரு எல்லையைத் தாண்டியதும் சட்டென்று மறுபக்கம் புரண்டு காண்டாக்ட் என்ற உலோக முனையில் மோதும். அந்தப் புரளல்தான் சத்தம். ஸ்விட்சைத் தனியாகப் பிடுங்கி, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் ஒன்றை மாட்டலாம். விரலுக்குச் சுகமாக இருக்கும், ‘கிளிக்’ தணியலாம். ஆனால் போகாது, ஏனென்றால் தகடு புரள்வதுதான் அதன் வேலையே. முழு அமைதி வேண்டுமென்றால் பட்டனையே மாற்ற வேண்டும்.

அப்புறம், பெட்டி. உள்ளே காலியாக இருக்கும் மரப்பெட்டியில் எட்டு பட்டனை வைத்துத் தட்டுவது மிருதங்கம் வாசிப்பதற்குச் சமம். அடிப்பலகையின் உள்பக்கம் ஃபோம் ஷீட் ஒட்டி, வெளியே நாலு மூலையிலும் ரப்பர் கால் வையுங்கள். பட்டன் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். ஒன்றே ஒன்று: ஐ.சி. சிப்புகளை வைத்து அனுப்புகிற கறுப்பு ஆன்டி-ஸ்டாட்டிக் ஃபோமை மட்டும் திணிக்காதீர்கள். அது மின்சாரம் கடத்தும், பட்டன்களின் வயர் போய்ச் சேரும் போர்டில் பட்டால் நீங்கள் தொடாமலே பட்டன் அழுந்தும்.

இத்தனையும் செய்த பிறகு லீவர் கேட்கத் தொடங்கும். சன்வா ஜேஎல்எஃப் மாதிரி லீவரில் திசைக்கு ஒன்றாக நாலு மைக்ரோஸ்விட்ச். பட்டன் சத்தத்தில் இதுவரை மறைந்திருந்தது. அது அடுத்த செலவு, இப்போதே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கீபோர்ட் ஸ்விட்சை உள்ளே பொருத்துகிற ஆர்கேட் பட்டன்கள் வந்திருக்கின்றனவே, அவை மேலா? எந்த நிறம் வாங்குவது?

பதில்: வழவழப்பு வேண்டுமென்றால் மேல்தான். இவற்றில் நிறம்தான் வகையின் பெயர். செர்ரி எம்எக்ஸ் ரெட் போன்ற லீனியர் வகையில் தகடு புரளும் வேலையே இல்லை. மேலிருந்து அடிவரை தடையில்லாமல் இறங்கும். நீல ஸ்விட்சை எடுக்காதீர்கள், அது சத்தம் போடுவதற்கென்றே செய்தது. பிரவுனில் நடுவில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். டைப் செய்ய நல்லது, வேகமாகத் தொடர்ந்து தட்டுவதற்கு அந்த மேடு எதற்கு என்பது என் கட்சி.

ரெட்டில் சைலன்ட் ரெட் என்று தனியாக உண்டு. அழுத்தம் அதே 45 சென்டிநியூட்டன், சுமார் 45 கிராம் எடை வைத்தது போல. சாதாரண ரெட் 2 மி.மீ. இறங்கியதும் பதிவாகும், மொத்தம் 4 மி.மீ. இறங்கும். சைலன்ட்டில் 1.9, 3.7. ஸ்டெம்மில், அதாவது ஸ்விட்சுக்குள் இறங்கி ஏறும் தண்டில், இருக்கும் மெத்தைதான் இறங்கும்போதும் ஏறும்போதும் வரும் மோதலை வாங்கிக்கொள்கிறது. ஆனால் பட்டனின் தொப்பி ஸ்விட்சின் மேல் நின்றால்தான் இதில் பலன். தொப்பி முதலில் சட்டத்தில் இடித்து நின்றால் உள்ளே சைலன்ட் இருந்தும் ‘டொக்’ கேட்கும். மொத்தமாக வாங்காமல் ஒன்று வாங்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்த வருத்தம் இலேசான ஸ்விட்சில். விளையாடாத நேரத்தில் விரலைப் பட்டன்மேல் சாய்த்து வைப்பவரா நீங்கள்? 45 போதாது, தன்னால் அழுந்திவிடும். 60 உள்ள பிளாக் அல்லது சைலன்ட் பிளாக் எடுங்கள். ‘ஸ்பீட்’ என்று வருபவை 1.2 மி.மீ.யிலேயே பதிவாகும். விற்பனைக்கு அழகான எண். விரலைத் தூக்கி வைத்து விளையாடுபவருக்குச் சரி, மற்றவருக்குத் தலைவலி.

கேள்வி: பட்டன் உரசுகிறது. தையல் மெஷின் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் சில பிளாஸ்டிக்குகளைக் காலப்போக்கில் விரிசல் விட வைக்கும், வழிந்து காண்டாக்ட்டுக்கும் போகும். பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் சிலிகோன் கிரீஸை ஒரு மெல்லிய தூரிகை நுனியில் தொட்டு, பிளஞ்சரின் பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள். தடவியது கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம். காண்டாக்ட் பக்கம் போகவே வேண்டாம். முதலில் துடைத்துப் பாருங்கள், பாதி உரசல் விரலழுக்குதான்.

கேள்வி: புது ஸ்விட்ச் போட்டதிலிருந்து ஒரு தடவை அழுத்தினால் இரண்டு குத்து விழுகிறது. ஸ்விட்ச் கெட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. உலோகக் காண்டாக்ட்டுகள் சேரும்போது ஓரிரு மில்லிசெகண்ட் துள்ளும். போர்டு அதை இரண்டு அழுத்தமாக எண்ணிவிடுகிறது. ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன போர்டில் ஜிபி2040-சிஇ என்ற கன்ட்ரோலர் மென்பொருளை ஓட்டுகிறீர்கள் என்றால், இந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடும் டிபவுன்ஸ் அமைப்பை 5 மில்லிசெகண்டுக்கு வையுங்கள். தாமதமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், 60 ஃபிரேம் விளையாட்டில் ஒரு ஃபிரேமே 16.7 மில்லிசெகண்ட். அதற்குப் பிறகும் விழுந்தால் அந்த ஸ்விட்சை வேறொரு பட்டனோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் ஸ்விட்ச், போகாவிட்டால் வயர்.

கேள்வி: அமெரிக்கப் பட்டனுக்குப் போட்ட ஓட்டையில் ஜப்பான் பட்டன் உட்காருமா?

பதில்: உட்காராது. அமெரிக்கப் பட்டனின் ஓட்டை 28.6 மி.மீ. அளவில் இருக்கும், ஜப்பான் பட்டனுக்கு 30 வேண்டும். வட்ட அரத்தால் சுற்றி ராவினால் போதும். தடித்த மரப்பலகைக்கு, அழுத்தினால் கவ்விக்கொள்ளும் ஸ்னாப்-இன் வகை பிடிக்காது, பின்னால் மரை போட்டு இறுக்கும் ஓபிஎஸ்என்-30 வாங்குங்கள். வயரையும் பாருங்கள்: பழைய மைக்ரோஸ்விட்சில் 4.8 மி.மீ. கனெக்டர், சன்வாவில் 2.8. பழையதை அமுக்கிச் சொருகினால் நாலு மேட்ச் தாங்கும், அப்புறம் கழன்றுகொள்ளும்.